துடிப்பான சங்கீதம் எங்கே கிடைக்கும்? காஞ்சிபுரத்திலிருந்து தொடங்கும் ஒரு பாட்டுப் பட்டியல்

செல்போனில் பாட்டுக் கேட்கும் செயலி எதிலாவது 'கர்நாடக இசை' என்று தேடிப் பாருங்கள். தியானத்துக்கு, மன அமைதிக்கு, தூக்கத்துக்கு என்று பெயரிட்ட தொகுப்புகள்தான் முதலில் வந்து நிற்கும். பின்னணியில் ஒரு தம்பூரா, மெதுவான புல்லாங்குழல், அவ்வளவே. இதைக் கேட்டுவிட்டு, "சாஸ்திரிய சங்கீதம் என்றாலே தூங்கவைப்பதுதான்" என்று ஓர் இளைஞன் முடிவு கட்டினால் அவன்மேல் குற்றம் இல்லை. அவனிடம் போய்ச் சேர்ந்தது அந்தச் சங்கீதத்தின் ஒரு மூலை மட்டுமே. பல்லவியில் கணக்குத் தப்பாமல் சமத்தில் வந்து இறங்கும் அந்த நொடியில் சபையே நிமிர்ந்து உட்காருவதை அவன் பார்த்ததில்லை. கருட சேவையன்று தவிலும் நாகஸ்வரமும் தெருவையே அதிரவைப்பதையும் கேட்டிருக்கமாட்டான்.

தறியில் நாள் முழுக்க உட்காருபவர்கள், காலையில் ஓடப் போகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு தினமும் பஸ்ஸில் போய்வருபவர்கள் என எல்லாருக்கும் சுறுசுறுப்பூட்டும் பாட்டு வேண்டியிருக்கிறது. அதைச் சினிமாவில் மட்டும் தேடவேண்டிய கட்டாயம் இல்லை. நம் சாஸ்திரிய இசையிலேயே நிறைய இருக்கிறது. எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லித்தர காஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சினிமாப் பாட்டிலோ மேற்கத்திய ராக் இசையிலோ துடிப்பு வேண்டுமென்றால் பெரும்பாலும் தாளத்தின் ஓட்டத்தையே வேகமாக வைத்துவிடுவார்கள். கர்நாடக இசையில் தாளம் போடும் கை பெரும்பாலும் ஒரே நடையில் போய்க்கொண்டிருக்கும். கூடுவது, அந்தக் கையின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே அடைபடும் ஸ்வரங்களும் சொற்களும். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒன்று விழுந்தால், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை அப்படியே நிதானமாக இருக்க, உள்ளே இருப்பது மட்டும் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். இந்த இழுபறியில்தான் பரபரப்பு பிறக்கிறது. ஆகவே வெறும் வேகத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கச்சேரியில் இந்த இழுபறி எந்த இடத்தில் உச்சத்துக்கு வருகிறது என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தைத் தேட வேண்டும்.

அதை உணர ஒரு சின்னப் பயிற்சி போதும். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அதன்பின் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மறுபடி முதல் தட்டு வரும் இடம் சமம். இப்போது ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் நான்கு மாத்திரை என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு, 32 மாத்திரை. மிருதங்கக்காரர் 'ததிகிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை வாசித்து, நடுவில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி விட்டு, சமத்துக்கு வந்து சேர வேண்டும். 5, 1, 5, 1, 5 எனக் கூட்டினால் 17. ஆகவே 32-ல் 15 மாத்திரை கழிந்ததும், அதாவது நாலாவது எண்ணிக்கையின் கடைசி மாத்திரையில், அவர் தொடங்கியாக வேண்டும். அரை மாத்திரை பிசகினாலும் இறங்கும் இடம் தவறிவிடும். நீங்களும் கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால், 'சேருமா, சேராதா' என்ற தவிப்பு உங்களையும் தொற்றிக்கொள்ளும். சேரும்போது வருகிற மகிழ்ச்சி கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் ஜெயிப்பதற்குக் குறைந்தது இல்லை. பட்டியல் போடுவதற்கு முன்னால் இந்த எட்டு எண்ணிக்கையைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

இனிப் பட்டியலுக்கு வருவோம். முதல் பாட்டாக ஒரு மல்லாரியை வையுங்கள். கோயிலில் சுவாமி புறப்படும்போது வாசிக்கும் உருப்படி இது. கம்பீர நாட்டை ராகம், சொல்லே இல்லாத வெறும் இசை. முதலில் தவில் மட்டும் அலாரிப்பு வாசிக்கும். பிறகு நாகஸ்வரம் சேரும். அதே சங்கதி முதல் காலத்தில் யானை நடையாக வந்து, இரண்டாம் காலத்தில் நெருங்கி, மூன்றாம் காலத்தில் பொழிந்து தள்ளும். நடுவில் திஸ்ர நடைக்கும், அதாவது மும்மூன்றாகப் பிரியும் நடைக்கும், போய்வரும். தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஏற்றபடி பல வகை உண்டு. சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலில் வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவைக்கு விடியற்காலையில் வந்து நிற்கும் கூட்டம் நாடறிந்தது. திறந்தவெளியில், அவ்வளவு ஜனத்துக்கு நடுவே, ஒலிபெருக்கி இல்லாமலேயே கேட்க வேண்டும் என்பதற்காக உருவான வாத்தியங்கள் நாகஸ்வரமும் தவிலும். தவிலின் ஒரு பக்கத்தை விரல்களில் கூடு மாட்டிய கையாலும், மறுபக்கத்தைக் குச்சியாலும் அடிப்பார்கள். அந்த ஓசைக்கு முன்னால் மின்சார கிதார் எல்லாம் தயங்கித்தான் நிற்க வேண்டும்.

மல்லாரியோடு டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைச் சேருங்கள். 1956-இல் மறைந்தவர், அவர் தோடி வாசித்த இசைத்தட்டு இன்றும் பேசப்படுகிறது. தாளமே இல்லாத ஆலாபனைகூட எவ்வளவு ஆற்றலோடு பாய முடியும் என்பதற்கு அது சாட்சி. யாழ்ப்பாணத்து அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவில் பதிவு எது கிடைத்தாலும் விடாதீர்கள். 1975-இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டவர். அவருடைய தவிலை முதன்முதலாகக் கேட்பவர்கள் ஒருவர்தான் வாசிக்கிறார் என்றே நம்பமாட்டார்கள்.

அடுத்தது கீர்த்தனைகள். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று அவற்றுக்குப் பெயர். எல்லாம் சங்கராபரணம், எல்லாம் சிறியவை, குழந்தைகளுக்கும் உடனே பிடித்துவிடும். 'சந்ததம் பாஹிமாம்' பாடினால் இங்கிலாந்தின் தேசிய கீதம் காதில் விழும். அதற்குப் பிறகு அவர் காஞ்சிக்கு வந்து சில ஆண்டுகள் தங்கினார். உபநிஷத் பிரம்மேந்திரரிடம் வேதாந்தம் பயின்ற காலம் அது. காமாட்சியைப் பற்றி அவர் கமலாமனோகரியில் செய்த 'கஞ்ஜதளாயதாட்சி'யைப் பட்டியலில் போடுங்கள். அளவில் சின்னது, நடையில் துள்ளல்.

தீட்சிதரின் பெரிய கீர்த்தனைகளை 'ரொம்ப மெதுவு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் கடைசிப் பகுதியில் மத்திமகால சாகித்தியம் என்று ஒன்று வரும். அதுவரை தேர்போல ஆடி அசைந்து வந்த பாட்டு அங்கே சட்டென்று இரட்டை வேகம் பிடிக்கும். அடுக்கடுக்கான எதுகை மோனையோடு சொற்கள் பொரியும். இந்த இடம் வரும்வரை பொறுத்திருந்து கேட்டவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும். மத்திமகாலத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்தால் ருசி பாதியாகிவிடும்.

சியாமா சாஸ்திரி (1762–1827) திருவாரூரில் பிறந்தவர் என்றாலும் அவர் குடும்பத்தின் வேர் காஞ்சியில் இருக்கிறது. இப்போது தஞ்சாவூரில் இருக்கும் பங்காரு காமாட்சி காஞ்சியிலிருந்து போனவள். அவளைப் பூசிக்கும் குடும்பம் அவருடையது. அந்தக் காமாட்சியின் மேல் பைரவி ராகத்தில் அவர் செய்த ஸ்வரஜதியை நான் துடிப்பான பட்டியலில் சேர்க்கச் சொன்னால் சிலர் நெற்றியைச் சுருக்குவார்கள். அது நிதானமான உருப்படி. ஆனால் அதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். எட்டு சரணங்கள். முதல் சரணம் ஸ-வில் தொடங்கும், அடுத்தது ரி-யில், அதற்கடுத்தது க-வில் என்று ஒவ்வொன்றும் ஒரு படி மேலே ஏறி, எட்டாவது மேல் ஸ்தாயி ஸ-வில் போய் நிற்கும். ஏழு மாத்திரை கொண்ட மிஸ்ர சாபு தாளம் அடியில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். வேகம் துளியும் கூடாமல் பரபரப்பு மட்டும் ஏறிக்கொண்டே போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

காஞ்சியின் சங்கீதத்துக்குத் தனி முகம் கொடுத்தவர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934). காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் சகோதரி மகன். லயத்தில் அவருக்கு இருந்த பிடிப்பு பக்கவாத்தியக்காரர்களைக் கதிகலங்க வைக்கும் என்பார்கள். ஒரு வயலின், ஒரு மிருதங்கம் என்று சிக்கனமாக உட்காரும் வழக்கத்தை அவர் உடைத்தார். மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்களை உட்காரவைத்துப் பாடினார். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கஞ்சிராவில் அந்தக் காலத்தின் மாமேதையான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவருக்கு வாசித்தவர். கடினமான தாளங்களில் பல்லவி பாடுவதும், அருணகிரிநாதரின் திருப்புகழை அதன் சந்தத் தாளத்தோடு பாடுவதும் நாயனா பிள்ளையின் தனிச்சிறப்பு. அந்தக் கச்சேரிகளைக் கேட்கப் போனவர்கள் அமைதி தேடிப் போகவில்லை, மல்யுத்தப் போட்டிக்குப் போவதுபோல் போனார்கள்.

வருத்தம் என்னவென்றால் அவர் பாட்டு இசைத்தட்டில் பதிவாகவில்லை. நாம் கேட்கக்கூடியது அவருடைய சீடர்களின் வழியாகத்தான். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் வானொலிப் பதிவுகளைத் தேடுங்கள். ஸ்வரம் பாடும்போது கணக்கு எப்படிக் கத்திமுனையில் நடக்கிறது என்பது புரியும். பிருந்தா, முக்தா சகோதரிகளும் நாயனா பிள்ளையிடம் தியாகராஜ கீர்த்தனைகள் கற்றவர்கள். ஆனால் அவர்களுடைய பாட்டின் அழகு வேறு வகை, ஆழ்ந்த நிதானம். இந்தப் பட்டியலுக்கு அது பொருந்தாது, வேறொரு பட்டியலுக்கு எடுத்து வையுங்கள்.

நாயனா பிள்ளை காஞ்சியில் தியாகராஜர் உற்சவம் நடத்திவந்தார். பெரிய வித்வான்கள் எல்லாரும் வந்து பாடுவார்கள். அங்கே உட்கார்ந்து கேட்டு வளர்ந்த சிறுமிதான் 1919-இல் பிறந்த தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாள். பல்லவி ஆண்களின் சொத்து என்று கருதப்பட்ட காலத்தில், மேடையில் ராகம் தானம் பல்லவி பாடிய முதல் பெண் என்று போற்றப்படுபவர் அவர். 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் நிலைத்தது. பெண்களுக்கு மிருதங்கம் வாசிக்காமல் இருந்த பாலக்காடு மணி ஐயர் முதலில் வாசித்தது இவருக்குத்தான். 1970-இல் சங்கீத கலாநிதி, 1998-இல் பத்ம விபூஷண். 2009-இல் மறைந்தார்.

ராகம் தானம் பல்லவி என்ற பெயரைப் பார்த்துப் பயந்து அந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுபவர்கள் அதிகம். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஓடும் உருப்படி என்பதும் காரணம். என்னுடைய யோசனை, அதைத் தானத்திலிருந்து கேட்கத் தொடங்குங்கள். ராகத்தை விரித்து முடித்தபின் 'ஆனந்தம்', 'தானம்' என்ற சொற்களை வைத்துத் துடிதுடிக்கப் பாடுவது தானம். தாளம் கிடையாது, ஆனால் உள்ளே ஒரு நாடித் துடிப்பு இருக்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து கன ராகங்கள் இதற்கென்றே பிறந்தவை. வீணையில் தானம் கேட்டால் இன்னும் உயிர்ப்பு; எஸ். பாலச்சந்தரின் வீணையைக் கேட்டுப் பாருங்கள். தானம் முடிந்ததும் ஒரே ஒரு வரிப் பல்லவி வரும். அதே வரியை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று காலம் மாற்றிப் பாடுவார்கள். கை போடும் தாளம் அப்படியே இருக்கும். பட்டம்மாளின் பல்லவிகளில் இந்த இடம் வரும்போது குரலில் பதற்றமோ அவசரமோ துளியும் இருக்காது. அதனாலேயே நமக்கு மயிர்க்கூச்செறியும். அதன்பின் கற்பனை ஸ்வரம். பாடகரும் வயலினும் மாறி மாறி எட்டு எண்ணிக்கைக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டே வருவது குறைப்பு. கடைசியில் இருவரும் ஒருவர் வாய்ச்சொல்லை மற்றவர் பறிப்பதுபோல் ஆகிவிடும்.

குறைப்பு தனி ஆவர்த்தனத்திலும் உண்டு. பாடகர் ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கமும் கஞ்சிராவும் (அல்லது கடமும்) மட்டும் பேசும் பகுதி தனி. முதலில் ஆளுக்கு ஒரு சுற்று நீளமாக, பிறகு குறைத்து, பிறகு சேர்ந்து, மோஹரா, கோர்வை என்ற முடிப்புக் கணக்குகள், பாட்டுக்குத் திரும்புதல். சபாக்களில் தனி தொடங்கியதும் எழுந்து காபி குடிக்கப் போகும் பழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் கோபமே வரும். கச்சேரியின் உயிர்ப்பான இருபது நிமிடத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். பாலக்காடு மணி ஐயர், இடது கையால் வாசித்த பழனி சுப்பிரமணிய பிள்ளை, கஞ்சிராவில் ஜி. ஹரிசங்கர் (1958–2002) என இந்த மூன்று பேருடைய தனிப் பதிவுகள் பட்டியலில் இருந்தால் மற்றவை தானாக வந்து சேரும்.

சினிமா வழியாக வருகிறவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் 'சிங்கார வேலனே தேவா' பாட்டில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டிபோடும் நாகஸ்வரம் காருகுறிச்சி அருணாசலத்துடையது. அதைக் கேட்டுவிட்டு அவருடைய கச்சேரிப் பதிவுகளுக்குப் போங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் நாகஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. குன்னக்குடி வைத்தியநாதன் வயலினும் வலையப்பட்டி சுப்பிரமணியம் தவிலும் சேர்ந்து நடத்திய கச்சேரிகளை 'ஜனரஞ்சகம்' என்று சில ரசிகர்கள் தள்ளிவைத்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகப் படவில்லை. வித்தை இல்லாமல் அந்தத் துடிப்பு வராது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) வாசித்த, பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் 'ரகுவம்ச சுதா' கதனகுதூகல ராகம். ராகத்தின் பெயரே அதன் குணம். லால்குடி ஜெயராமனின் தில்லானாக்கள், மதுரை மணி ஐயர் பாடிய இங்கிலீஷ் நோட்டு ஆகியவை சிறிய உருப்படிகள், பட்டியலில் நடுநடுவே தூவலாம்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போக விருப்பம் இருந்தால், ஜான் மெக்லாஃப்லினும் ஜாகீர் உசேனும் நம் எல். சங்கரும் விக்கு விநாயக்ராமும் சேர்ந்த 'சக்தி' குழுவின் 1976-ஆம் ஆண்டு ஆல்பம் இருக்கிறது. அதன் முதல் உருப்படி 'ஜாய்' பதினெட்டு நிமிடம், மூச்சுவிட நேரம் தராது. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' (1986) தியாகராஜரையும் பாக்கையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்தது. அங்கிருந்து பீத்தோவனின் ஏழாம் சிம்பொனியின் கடைசிப் பகுதிக்குப் போவது எளிது.

பட்டியல் போடும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ஸ்டூடியோவில் பதிவு செய்த பாட்டைவிட நேரடிக் கச்சேரிப் பதிவையே தேர்ந்தெடுங்கள். ஸ்டூடியோ ஆல்பங்களில் தனி ஆவர்த்தனத்தைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். சபையின் 'பலே'யும் அதில் இருக்காது. தேடும்போது பாடகர் பெயரை மட்டும் போடாமல் 'தனி ஆவர்த்தனம்', 'மல்லாரி', 'தில்லானா', 'ராகம் தானம் பல்லவி' என்ற சொற்களையும் சேர்த்துப் போடுங்கள். பழைய பாட்டுக்கு இயந்திரத் தாளத்தை ஒட்டவைத்து விற்கும் தொகுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்த இயந்திரம் பாடகர் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்லாது. பாட்டு வரிசையைச் செயலி கலைத்துப் போடாதபடி அமைத்துவிடுங்கள். செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் கேட்கும், தொப்பியின் கும்கி காணாமல் போய்விடும். கீழ் ஓசை இல்லாத மிருதங்கத்தில் துடிப்பு பாதிதான். நல்ல இயர்போனோ, வீட்டில் ஒரு சுமாரான ஸ்பீக்கரோ வேண்டும்.

வரிசைக்கு என் யோசனை இது. மல்லாரியில் தொடங்கி, நாட்டையிலோ அம்சத்வனியிலோ ஒரு பிள்ளையார் பாட்டு, 'கஞ்ஜதளாயதாட்சி', பைரவி ஸ்வரஜதி, பட்டம்மாளின் பல்லவி தனியோடு, பிறகு ஒரு தில்லானா. முடிவில் திருப்புகழ். முருகன் கோயிலான குமரகோட்டம் இருக்கும் ஊரில் வேறெப்படி முடிப்பது? காஞ்சியிலிருந்து சென்னை போய்ச்சேர ஆகும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

பதிவுகளோடு நின்றுவிட வேண்டாம். இந்தச் சங்கீதத்தை இன்றும் உயிரோடு வைத்திருப்பவர்கள் காஞ்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் கோயில் சேவகம் செய்யும் நாகஸ்வர, தவில் கலைஞர்கள். கல்யாணத்துக்கு அவர்களை அமர்த்துகிறோம். தாலி கட்டும்போது கெட்டிமேளம், மற்ற நேரம் எல்லாம் பேச்சுச் சத்தத்துக்கு நடுவே பின்னணி. அடுத்த முறை உங்கள் வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது அரை மணி நேரத்தை அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். மைக்கில் ஓடும் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு, விரும்பிய ராகத்தை வாசிக்கச் சொல்லி, தவிலுக்குத் தனி விடச் சொல்லி, முன்னால் உட்கார்ந்து தாளம் போட்டுக் கேளுங்கள். அதற்கான சன்மானத்தையும் தனியாகக் கொடுங்கள்.